ப்ரோனில் இருபது குண்டுக்கு மேல் இடது கை மரத்துப் போகிறது. எந்த ஹேண்ட்ஸ்டாப் வாங்கலாம்?

கயல் மயூர்விஹார்

வணக்கம். துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ஒன்றரை வருடமாக 50 மீட்டர் ப்ரோன் (பாயில் குப்புறப் படுத்துச் சுடுவது) சுடுகிறேன். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. ரைஃபிள் கிளப்பினுடையது, பழைய ஆன்ஷுட்ஸ் .22, மரக்கட்டை. ஹேண்ட்ஸ்டாப்பும் (கட்டைக்கு அடியில் இடது கை முட்டி நிற்கும் துண்டு) ஸ்லிங்கும் (அதையும் கையையும் இணைக்கும் வார்) மட்டும்தான் என் சொந்தம்.

முதல் இருபது குண்டு நன்றாகப் போகிறது. அதற்கப்புறம் இடது கை மரத்துவிடுகிறது. கிளவ் முன்னால் வழுக்குகிற மாதிரியும் இருக்கிறது. குண்டெல்லாம் ஆறு மணிப் பக்கம் இறங்குகிறது. 50 மீட்டரில் பத்தாம் வளையமே 10.4 மில்லிமீட்டர்தான், இறங்குவதற்கு அங்கே இடம் ஏது?

இப்போது இருக்கும் ஹேண்ட்ஸ்டாப் ஒரு கடையில் சும்மா வாங்கியது. சின்ன டம்ளரைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அகலமாக, உள்ளங்கைக்குப் பள்ளம் விட்டதாக ஒன்று வாங்கலாமா? இல்லை, ஃபோரெண்டின் (கட்டையின் முன்பகுதி) இரண்டு பக்கமும் ரப்பர் கிரிப் தகடு ஒட்டினால் போதுமா? நெட்டில் பார்த்த வடிவங்களில் தலை சுற்றுகிறது. "கை மரத்துப் போறதுக்கு எதுக்குடி ஏழாயிரம்?" என்கிறார் அப்பா.

நொய்டா கார்த்தி

எம்-லாக் ஹேண்ட்ஸ்டாப் வாங்குங்க. நான் என் பிசிபி ஏர் ரைஃபிளில் (அழுத்திய காற்றில் சுடுவது) போட்டிருக்கிறேன். நூற்றுக்கணக்கில் மாடல் இருக்கு, விலையும் குறைவு. பக்கவாட்டுக்கு அதே எம்-லாக் கிரிப் தகடு, ஒட்டவே வேண்டாம், திருகினால் போதும்.

துக்ளகாபாத்வாசி

கார்த்தி, பெயர் ஒன்றுதான், சாமான் வேறு. உன்னுடையது அலுமினியக் குழாயில் வரிசையாக 32 மில்லிமீட்டர் நீளம், 7 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டிய துளையில் மாட்டுவது. உள்ளே டி வடிவ நட்டு கால் சுற்றுத் திரும்பிப் பிடித்துக்கொள்ளும். கயலின் ரைஃபிளில் கட்டைக்கு அடியில் நீளமாக ஒரே ரெயில் ஓடும், ஹேண்ட்ஸ்டாப் அதில் முன்னும் பின்னும் சறுக்கும். இது அதில் ஏறாது. வேலையும் வேறு. அங்கே கை எங்கே நிற்கணும் என்பதற்கு அடையாளமாகவும் பின்னால் இழுத்துப் பிடிக்கவும் ஒரு முட்டு. இங்கே ரைஃபிளின் பாரமே ஸ்லிங் வழியாக அந்தத் துண்டில்தான் தொங்குகிறது.

கயல், ரப்பர் தகடு ஒட்டுகிற யோசனையை விட்டுவிடு. கருவியிலும் உடையிலும் ஒட்டுகிற பொருள் எதுவும் போடக்கூடாது என்பது சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐஎஸ்எஸ்எஃப் விதி. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கலாம், அதற்கு அனுமதி உண்டு. ஃபோரெண்டின் மொத்த அகலத்துக்கும் 60 மில்லிமீட்டர் என்று வரம்பு இருக்கிறது. போட்டியன்று காலையில் உபகரணச் சோதனை மேசையில் தகட்டைப் பிய்த்துக்கொண்டு நிற்கிற கொடுமையை நான் பார்த்திருக்கிறேன். மேலும் அது கிளப் கட்டை. கிளவ்வின் உள்ளங்கை ரப்பர் வழவழப்பாகியிருந்தால் கிளவ்வை மாற்று. புது கிளவ் வாங்கும்போது முன்னும் பின்னும் சேர்த்து 12 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் போகாமல் பார்த்துக்கொள்.

ஓய்வு ஹவில்தார்

அம்மாடி, வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய். ஹேண்ட்ஸ்டாப்பின் பின்பக்க விளிம்பை ஒட்டி ரெயில் ஓரத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போடு. அறுபது குண்டு சுட்டுவிட்டு கோடு எங்கே, ஹேண்ட்ஸ்டாப் எங்கே என்று பார். கை முன்னால் போனால் குழல் முனை தாழும், குண்டு கீழே போகும். வழுக்குவது உன் கிளவ்வா, இல்லை திருகு தளர்ந்து ஹேண்ட்ஸ்டாப்பே நகர்கிறதா என்று முதலில் தெரியணும். நான் ராணுவத்தில் இருந்தபோது ஒரு மாதம் பையன்களைத் திட்டித் தீர்த்தேன், கடைசியில் பார்த்தால் திருகு.

இதையெல்லாம் போல்ட் திறந்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃபிளாக் செருகி வைத்துக்கொண்டு செய். உனக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கயல் மயூர்விஹார்

ஐயா, இன்று போட்டுப் பார்த்தேன். 31ஆம் குண்டில் ஹேண்ட்ஸ்டாப் கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் முன்னால் போயிருந்தது! ஆலன் கீயால் இறுக்கினேன். குண்டு இறங்குவது பாதியாகக் குறைந்தது. ஆனால் கை மட்டும் அப்படியே மரத்துப் போகிறது. கிளவ் பாவம், அது மேல் பழி போட்டுவிட்டேன்.

முனிர்க்கா பிசியோ

கயல்மா, "கை மரத்துப் போகிறது" என்றால் எந்த விரல்? இதைக் கேட்காமல் ஒரு சாமானும் வாங்காதே. சுண்டுவிரலும் மோதிரவிரலுமா, இல்லை கட்டைவிரல் பக்கமா?

கயல் மயூர்விஹார்

கட்டைவிரலின் மேல்பக்கம் அக்கா, நகத்துக்குப் பின்னால் தொடங்கி மணிக்கட்டு வரை. ஆள்காட்டி விரலின் அடியிலும் கொஞ்சம். சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது. கிளவ்வைக் கழற்றினால் மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக ஒரு கோடு பதிந்திருக்கிறது, அரிவாள்மனை விளிம்பில் அழுத்தின மாதிரி.

முனிர்க்கா பிசியோ

அந்தக் கோடே பதில் சொல்லிவிட்டது. சுண்டுவிரல் மரத்திருந்தால் முழங்கையைப் பார்த்திருப்பேன். பாயில் முழங்கையின் உள்முனை அழுந்தினால் அங்கே போகிற அல்நார் நரம்பு நசுங்கும். உனக்கு நசுங்குவது ரேடியல் நரம்பின் மேல்தோல் கிளை, மணிக்கட்டில் எலும்புக்கும் தோலுக்கும் நடுவில் வருவது. கைக்கடிகாரத்தை இறுக்கிக் கட்டுகிறவர்களுக்கும் இதே இடம்தான் மரக்கும். வார் தட்டையாகப் படியாமல் விளிம்பால் அறுக்கிறது. உள்ளங்கைக்கு எத்தனை பள்ளம் விட்ட ஹேண்ட்ஸ்டாப் வாங்கினாலும் இது போகாது, ஏனென்றால் அழுத்தம் உள்ளங்கைப் பக்கமே இல்லை. இரண்டு நாள் இடைவெளி விடு. சுடாதபோதும் மரப்பு இருந்தால் டாக்டரைப் பார்.

துக்ளகாபாத்வாசி

அக்கா சொன்னதும் பொறி தட்டியது. கயல், ஸ்லிங் மாட்டுகிற அந்த வளையம், ஸ்விவல், சுழல்கிறதா? விரலால் திருப்பிப் பார்.

கயல் மயூர்விஹார்

சுழலவில்லை அண்ணா. குறுக்கே ஒரே பக்கம் பார்த்து இறுகி நிற்கிறது. அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்!

துக்ளகாபாத்வாசி

பிடித்துவிட்டோம். வார் மேற்கையிலிருந்து புறங்கையைச் சுற்றிச் சாய்வாகத்தான் வரும். வளையம் அந்தச் சாய்வுக்குத் திரும்பிக்கொடுத்தால் வார் புறங்கையில் தட்டையாகப் படியும். திரும்பாவிட்டால் வார் முறுக்கிக்கொண்டு விளிம்பில் நிற்கும். உருண்டையா, அகலமா, பள்ளமா என்பதெல்லாம் அப்புறம். நீ பார்க்க வேண்டியது மூன்றுதான்: ஸ்விவல் தாராளமாகச் சுழல வேண்டும், ரெயிலில் ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும் (ரெயில் வாயின் அகலத்தை அளந்துகொண்டு போ), திருகு இறுக்கினால் நிற்க வேண்டும். இதற்கு ஏழாயிரம் ஆகாது.

வடிவத்தில் எனக்கொரு அபிப்பிராயம் உண்டு. பள்ளம் விட்டது கையை ஒரே கோணத்தில் பூட்டிவிடும். அந்தக் கோணம் உன்னுடையதாக இருந்தால் சொர்க்கம், இல்லாவிட்டால் அறுபது குண்டும் வேதனை. நீ இன்னும் பொசிஷன் தேடுகிற கட்டத்தில் இருக்கிறாய், உருண்டையிலேயே இரு. சனிக்கிழமை என்னுடையதைத் தருகிறேன், மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கு.

ஓய்வு ஹவில்தார்

மாற்றும்போது ஸ்லிங் நீளத்தையும் ஹேண்ட்ஸ்டாப் இடத்தையும் ஒரே நாளில் தொடாதே. ஹேண்ட்ஸ்டாப்பை 5 மில்லிமீட்டர் நகர்த்தினாலே வாரின் இறுக்கம் மாறிவிடும். ஒன்றை மாற்று, இருபது குண்டு சுடு, நோட்டில் எழுது. முன்கை தரையோடு 30 டிகிரிக்குக் கீழே போகக்கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். ஹேண்ட்ஸ்டாப்பை முன்னால் தள்ளத் தள்ள கை தாழும்.

நொய்டா கார்த்தி

என் பதிலுக்கு மன்னிக்கவும். ஒரு சந்தேகம், புது இழை தொடங்க சோம்பல். ஹேண்ட்கார்டில் (குழலைச் சுற்றியிருக்கும் அந்த அலுமினியக் குழாய்) கிரிப் தகடு போடுவது குழல் சூட்டிலிருந்து கையைக் காக்கத்தான் என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். என்னுடையது .177 காற்றுத் துப்பாக்கி, சூடே ஆகாது. அப்படியானால் தகடு வீணா?

துக்ளகாபாத்வாசி

சூட்டுக்கு வீண். அது அமெரிக்காவில் அரைத் தானியங்கி ரைஃபிளில் மேகசின் மேகசினாகச் சுடுகிறவர்கள் கவலை, நம்மூரில் பொதுமக்களுக்கு அந்த வகைக்குச் சாதாரணமாக லைசென்ஸ் கிடைக்காது. ஆனால் தில்லி ஜனவரியில் காலை ஏழு மணிக்கு அந்த அலுமினியக் குழாயைப் பிடித்துப் பார், தகடு எதற்கென்று விரல் சொல்லும். இங்கே அது குளிருக்கு! மெல்லியதாக, கை படுகிற இடத்துக்கு மட்டும் போடு. குழாய் தடித்தால் பிடி தளரும். திருகு நீளமாக இருந்து உள்ளே குழலையோ காற்று சிலிண்டரையோ தொடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறுக்கு.

கயல் மயூர்விஹார்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். சனிக்கிழமை அண்ணாவின் ஹேண்ட்ஸ்டாப்பை மாட்டினேன். வார் புறங்கையில் வாழைப்பட்டை மாதிரி தட்டையாகப் படிந்தது. மணிக்கட்டில் கோடு இல்லை. அடுத்த வாரம் சீனியர் அக்கா ஒருவர் விற்ற பழையதை 1,800 ரூபாய்க்கு வாங்கிவிட்டேன், ஸ்விவல் பம்பரம் மாதிரி சுழல்கிறது. நேற்று 50 நிமிடத்தில் அறுபதும் சுட்டேன், 609.4. இதற்கு முன் 600ஐத் தாண்டியதில்லை. 52ஆம் குண்டில் லேசாகக் குறுகுறுத்தது, அவ்வளவுதான்.

ரெயில் அளவுகோலில் 17இல் நிற்கிறது, பென்சில் கோடும் இருக்கிறது. கிளப்பில் அதே ரைஃபிளை எடுக்கிற இன்னொரு பையன் அந்தக் கோட்டை அழித்துவிட்டு 21க்குத் தள்ளிவைத்துப் போகிறான். அதற்கு ஏதாவது வழி உண்டா?

ஓய்வு ஹவில்தார்

நோட்டில் எழுதச் சொன்னேனே அம்மாடி. ஒவ்வொரு நாளும் வந்தவுடன் 17க்கு வை. அந்தப் பையனிடமும் பென்சில் ஒன்று கொடு.