புதுப்பிப்பு: என் கேடயச் சின்னம் ஓட்டில் ஏறிவிட்டது

எனக்கென ஒரு கேடயச் சின்னம் (ஐரோப்பியப் பாணியில், கேடய வடிவிலான குடும்பச் சின்னம்) வரைவதாகச் சொல்லி, எதையெல்லாம் சேர்க்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சிங்கம் என்றீர்கள். சிங்கத்தை விட்டுவிட்டேன், எங்கள் வீட்டில் யாரும் அத்தனை வீரமில்லை.

மேல்பாதியில் எங்கள் பூர்வீக வளவு வீட்டின் பெரிய சாவி, கீழே ரங்கூனுக்குக் கப்பலேறிய ஐயாவுக்காக மூன்று அலைகள். முதலில் சிவப்பின் மேல் பச்சைச் சாவி வரைந்தேன். கறுப்பு வெள்ளையில் நகலெடுத்ததும் சாவியே காணோம்! ஐரோப்பியச் சின்னக் கலையின் பழைய விதி இதற்குத்தான்: நிறத்தின் மேல் நிறம் கூடாது, பொன், வெள்ளி என்ற இரண்டு உலோகங்களில் ஒன்று வேண்டும். இப்போது சிவப்பில் பொன் சாவி, நீலத்தில் வெள்ளி அலை. பொன்னுக்கு மஞ்சளும் வெள்ளிக்கு வெள்ளையும் போதுமாம்; நல்லவேளை.

கையால் வார்க்கும் தரை ஓடுகளுக்குப் பேர்போன ஆத்தங்குடியில் ஓடாக வார்க்கக் கொடுத்தேன். கண்ணாடித் தட்டில் அச்சை வைத்து வண்ண சிமெண்டை ஊற்றுவார்கள். கண்ணாடியில் படும் பக்கமே ஓட்டின் முகம். அதனால் படம் இடவலம் மாறும். அது எனக்குத் தோன்றவில்லை. சாவியின் பல் இடப்பக்கம் போய்விட்டது.

அப்பத்தாள் பார்த்துவிட்டு, “இந்தச் சாவி எந்தப் பூட்டுக்கப்பா?” என்றார்.

அச்சைத் திருப்பி வெட்டச் சொல்லியிருக்கிறேன்.