மறு: ‘இம்ப்ளிசிட் பயாஸ்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

> ‘உள்ளார்ந்த சார்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, வணக்கம்.

‘இம்ப்ளிசிட் பயாஸ்’ என்பது நமக்கே தெரியாமல் ஒரு பிரிவினர் பக்கமோ அவர்களுக்கு எதிராகவோ மனம் சாய்வது. அதற்கு ‘உள்ளார்ந்த’ வேண்டாம் என்பேன். உள்ளார்ந்த திறமை என்றால் பிறவியிலேயே வந்தது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இதுவோ பார்த்தும் கேட்டும் மனதில் படிவது. ‘மறைமுகச் சார்பு’ அதைவிடச் சிக்கல்; தெரிந்தே ஒளித்துவைத்ததுபோல் ஆகிவிடும்.

1998-ல் உளவியலாளர் ஆன்டனி கிரீன்வால்ட் குழுவினர் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். திரையில் ஒரு பெயரோ சொல்லோ வரும். வெள்ளையர் பெயருக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரு விசை, கறுப்பர் பெயருக்கும் கெட்ட சொல்லுக்கும் இன்னொரு விசை. அப்புறம் ஜோடியை மாற்றிவிடுவார்கள். மாற்றியபின் கை எவ்வளவு தயங்குகிறது என்று மில்லிநொடியில் அளப்பார்கள். யார்மீதும் வெறுப்பில்லை என்று மனதாரச் சொல்கிறவர்களில் பலருக்கும் கை தயங்குகிறது. இந்த அளவை வைத்து ஒருவரின் நடத்தையை எவ்வளவு கணிக்கலாம் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் ஓயவில்லை. நமக்கு வேண்டிய பொருள், தான் அறியாமலே மனம் ஒருபக்கம் சாய்வது.

குழுவில் ஒருவர் சொன்ன ‘உட்கோட்டம்’ எனக்கு மிகவும் பிடித்தது. நடுவு நிலைமை அதிகாரத்தில், 119-ஆம் குறளில், “உட்கோட்டம் இன்மை” என்று வள்ளுவரே ஆண்ட சொல். ஆனால் இன்று உட்கோட்டம் என்றால் நாளிதழ் வாசகருக்கு டி.எஸ்.பி. எல்லைதான் நினைவுக்கு வரும். அதே பொருளில் ‘உட்சாய்வு’ என்று வைத்தால் யாருக்கும் விளக்கவே தேவையில்லை.

இன்னொன்று. எல்லாவற்றையும் ‘சார்பு’ என்ற ஒரே சொல்லில் அடைக்கக் கூடாது. பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ரண்டும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவில் பாஸ்டனிலும் சிகாகோவிலும் சுமார் 5,000 போலி வேலை விண்ணப்பங்களை அனுப்பி, 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். தகுதி விவரம் ஒரே தரம். பெயர்தான் வேறு, எமிலி என்பதுபோல் வெள்ளையர் பெயர் அல்லது லகீஷா என்பதுபோல் கறுப்பர் பெயர். வெள்ளையர் பெயரில் சுமார் 10 விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பர் பெயரில் சுமார் 15 அனுப்ப வேண்டியிருந்தது. இது பாகுபாடு, நடந்துவிட்ட செயல். கூப்பிடாதவர் மனதில் இருந்தது தப்பெண்ணமா (‘பிரெஜுடிஸ்’) உட்சாய்வா என்பதை அந்தக் கணக்கு காட்டாது. மனதில் என்ன இருந்தாலும் லகீஷாவுக்கு அழைப்பு வரவில்லை. அதனால் ‘பாகுபாடு’ என்ற சொல்லைச் ‘சார்பு’ என்று மென்மையாக்கிவிட வேண்டாம் என்று அழுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

‘ஸ்டீரியோடைப்’ பாக்கி இருக்கிறது; ஒரு பிரிவினர் எல்லாரும் இப்படித்தான் என்று ஒரே அச்சில் வைத்துப் பார்ப்பது. 1922-ல் அமெரிக்க இதழாளர் வால்டர் லிப்மன் அச்சுத்தொழிலிலிருந்து எடுத்துவந்த சொல் அது; அங்கே அது வார்த்தெடுத்த அச்சுத்தகட்டைக் குறிக்கும். அதனால் ‘வார்ப்பெண்ணம்’ பொருந்தும் என நினைக்கிறேன். தப்பெண்ணத்தோடு ஜோடியாகவும் நிற்கும். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?