முதல் நாவல் என்பதற்காகவே ஒரு புத்தகத்தைப் பரிந்துரைக்கலாமா?

கொட்டகலை வாசகி:
இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த ஆண்டு முதல் நாவல்களையும், எழுதியவர்களே சொந்தச் செலவில் வெளியிட்ட நாவல்களையும் மட்டுமே படிப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். எல்லாம் ஒரே வகையாக இருக்கக் கூடாது. இதுவரை மூன்று தேறியிருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நடக்கும் மோசடியில் தொடங்கி ஒரு கணக்கப்பிள்ளையின் கொலையில் போய் நிற்கும் துப்பறியும் நாவல் ஒன்று. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரத்தைப் பற்றிய பேய்க்கதை இன்னொன்று. மூன்றாவது, கொழும்புப் புடவைக் கடையில் வேலை செய்யும் பதுளைப் பெண்ணின் காதல் கதை. வேறு என்ன படிக்கலாம்? விஞ்ஞானப் புனைவு கிடைத்தால் இன்னும் நல்லது.

பழைய பேப்பர்:
தங்கச்சி, முதல் நாவல் என்பதும் சொந்தச் செலவு என்பதும் எழுதியவரின் நிலைமை. அதை வைத்துப் புத்தகத்தின் தரத்தை எப்படி அளப்பது? தோட்டத் தொழிலாளரைப் பற்றிய கோகிலம் சுப்பையாவின் நாவல் ‘தூரத்துப் பச்சை’ 1964இல் வந்தது. உங்கள் வட்டத்தில் எத்தனை பேர் அதைப் படித்திருக்கிறார்கள்? அதைத் தாண்டிப் பேய்க்கதைக்குப் போக என்ன அவசரம்?

கொட்டகலை வாசகி:
அண்ணா, நீங்கள் போற்றும் புத்தகங்களும் ஒரு காலத்தில் முதல் நாவல்கள்தான். மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் முதல் நாவலான ‘காலங்கள் சாவதில்லை’ 1974இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. உள்ளூர் எழுத்துக்கு வாசகர் காத்திருந்தார்கள், ஒரு பத்திரிகை நிறுவனம் பதிப்பாளராகப் பின்னால் நின்றது. இன்று எழுதுகிறவருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? கடன் வாங்கிச் சில நூறு பிரதிகள் அச்சடிக்கிறார். வெளியீட்டு விழாவில் வர்த்தகப் பிரமுகர்கள் முதற்பிரதியும் சிறப்புப் பிரதியும் வாங்குகிறார்கள். மிச்சம் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது. நாமும் படிக்காவிட்டால் யார்தான் படிப்பது?

பழைய பேப்பர்:
என் கோபமே அந்த விழாவின் மீதுதான். மேடையில் இருக்கும் ஐந்து பேரில் நான்கு பேர் புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ‘மலையக இலக்கியத்தின் மைல்கல்’ என்று பேசுவார்கள். அதை நம்பி வாங்கியவர் முப்பதாம் பக்கத்தில் மூடி வைத்துவிடுகிறார். அடுத்த புதிய எழுத்தாளரின் புத்தகத்தை அவர் தொடவே மாட்டார். பொய்ப் பாராட்டுக்குத் தண்டம் கட்டுவது அந்த அடுத்த ஆள்.

நீங்கள் சொன்ன பேய்க்கதையை நான் படித்திருக்கிறேன். வறட்சியில் தண்ணீர் இறங்க, பழைய கோயில் தலைகாட்ட, ஊர்ச் சனங்கள் சேற்றில் இறங்கித் தங்கள் பழைய தெருவைத் தேடும் அத்தியாயம் அருமை. யாரிடமும் வாசித்துக் காட்டலாம். அதன் பிறகு ஒரு மாந்திரீகர் வருகிறார், நூறு பக்கம் மந்திரம் சொல்கிறார். கையெழுத்துப் பிரதியைப் படித்து ‘இதை வெட்டு தம்பி’ என்று சொல்ல ஒருவர்கூட இருக்கவில்லை. இதையும் பட்டியலில் எழுதுவீர்களா?

லயத்துப் பையன்:
மாந்திரீகர் எனக்குப் பிடித்திருந்தது.

ஓய்வுபெற்ற டீச்சர்:
துப்பறியும் நாவலைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த மூன்றில் பலமானது அதுதான். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கிலோக்களைக் கழிப்பதையும், நிர்ணயித்த கிலோ குறைந்தால் நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போடுவதையும் நாம் எத்தனையோ சோகக் கதைகளில் படித்து அழுதிருக்கிறோம். இங்கே அந்தக் கணக்குகளே துப்பு. தொழிலாளரின் பெயர்ப் பதிவிலுள்ள எண்களைக் கூட்டிப் பார்த்துத்தான் கொலைகாரனைப் பிடிக்கிறார்கள். அழவைக்காமலே தோட்டத்துக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை வாசகர் விளங்கிக்கொள்கிறார். மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 இலங்கை-இந்திய ஒப்பந்தம் என்று எழுதினால்தான் மலையக நாவல் என்று பழைய பேப்பர் நினைக்கிறாரோ?

பழைய பேப்பர்:
நான் அப்படிச் சொல்லவில்லை, டீச்சர். துப்பறியும் கதைக்கு நான் எதிரியல்ல. அந்த நாவலின் கடைசி நாற்பது பக்கத்தில் பொலிஸ் அதிகாரி பிரசங்கம் செய்வதை நீங்கள் வசதியாக மறந்துவிட்டீர்கள்.

ஓய்வுபெற்ற டீச்சர்:
மறக்கவில்லை. அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டினேன். பெரிய எழுத்தாளர்களிடமும் அப்படிப் புரட்டியிருக்கிறேன்.

லயத்துப் பையன்:
டீச்சர் சொல்வது சரி. என் வயதுக்காரர்கள் கைப்பேசியில் கொலைக்கதையும் காதல் கதையும்தான் படிக்கிறார்கள். அந்தக் கதைகள் சென்னையில் நடந்தால் சென்னையைத் தெரிந்துகொள்வார்கள், ஹட்டனில் நடந்தால் ஹட்டனை. பழைய நாவல்களில் எதெது இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ இணையத்தளத்தில் இருக்கிறதென்று பார்த்து இலவசமாகப் படிக்கலாம். புதியவற்றுக்கு அந்த வசதி குறைவு. எழுதியவரைத் தேடிப் பிடித்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கொட்டகலை வாசகி:
சரி, பட்டியலில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் இரண்டு வரி எழுதுகிறேன். யாருக்குப் பிடிக்கும் என்பது ஒன்று, எந்த இடத்தில் சலிக்கும் என்பது மற்றொன்று. பேய்க்கதையை எடுக்க மாட்டேன், அண்ணா. அந்தச் சேற்று அத்தியாயத்துக்காகவே அது இருக்கட்டும். எழுதியவரும் கூட்டத்துக்கு வருகிறார். நீங்களும் வந்து மந்திரத்தைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

பழைய பேப்பர்:
வருகிறேன். விழாப் பேச்சு மாதிரி என்னைப் புகழச் சொல்லக் கூடாது. காதல் கதையை நான் இன்னும் படிக்கவில்லை, ஒரு பிரதி எடுத்து வையுங்கள். காசு தருகிறேன், இலவசம் வேண்டாம்.

லயத்துப் பையன்:
விஞ்ஞானப் புனைவை யாரும் சொல்லவில்லையே?