குழந்தைகளோடு ரக்கிங் (முதுகில் சுமைப் பையோடு நடப்பது): எவ்வளவு சுமை, எப்படி அலுக்காமல்?

கேள்வி: நான் 8 கிலோ பையோடு 5 கி.மீ. நடக்கிறேன். மகளுக்கு 7 வயது, 22 கிலோ. மகனுக்கு 11 வயது, 34 கிலோ. இருவரும் வருகிறோம் என்கிறார்கள். எவ்வளவு சுமை கொடுக்கலாம்? பாதி வழியில் சலிப்பு தட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில் 1: முதல் இரண்டு மூன்று நடைக்குச் சுமையே வேண்டாம், வெறும் பை போதும். தூரமும் 2 கி.மீ.க்குள். பழகியபின் உடல் எடையில் 5 சதவீதம்: மகளுக்கு 1 கிலோ, மகனுக்கு 1.7. பையின் எடையையும் சேர்த்து 10 சதவீதத்தைத் தாண்டாதீர்கள்.

எடைக்குத் தண்ணீர்தான் நல்லது. 1 லிட்டர் 1 கிலோ, களைத்தால் கொட்டிவிடலாம். பெரியவர்கள் எடைக்கு வைக்கும் இரும்புத் தட்டு சிறுவர் பையில் நிற்காது, அடியில் சரிந்து ஒவ்வொரு எட்டுக்கும் இடுப்பில் இடிக்கும். பைக்குள் அடியில் ஒரு துணியைச் சுருட்டி வைத்து, அதன்மேல் துண்டில் சுற்றிய பாட்டிலை முதுகை ஒட்டி நிறுத்துங்கள். எடை மேல்முதுகில் நிற்க வேண்டும்.

பதில் 2: எடையைக் காட்டிலும் அதற்கொரு காரணம் முக்கியம். சும்மா கல்லைச் சுமக்கச் சொன்னால் பத்தே நிமிடத்தில் "எதுக்கு?" என்பார்கள். நியாயமான கேள்வி! போய்ச் சேர்ந்ததும் சாப்பிடும் பழம், உட்காரும் விரிப்பு, ஆடும் பந்து எல்லாம் அவர்கள் பையில் இருக்கட்டும். பழம் தீர்ந்தால் திரும்பும்போது பாரமும் குறையும். பத்து நிமிடத்துக்கு ஒருவர் தலைவர். எந்தப் பாதை, எங்கே நிற்பது என்பதெல்லாம் அவர் முடிவு. வேகம் சின்னவளுடையது. ஓடவோ குதிக்கவோ தோன்றினால் முதலில் பையைக் கழற்றிவிட வேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கேட்டவர்: நன்றி. மகள் வலித்தாலும் "வலிக்கல"ன்னுதான் சொல்வாள். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: பக்கவாட்டில் நின்று பாருங்கள். கழுத்து முன்னே நீண்டு முதுகு வளைந்தால், வார் தளர்ந்திருக்கும் அல்லது சுமை அதிகம். வாரை இறுக்கி நூறு எட்டு நடக்கவிடுங்கள். அப்போதும் வளைந்தால் அரை லிட்டரைக் கொட்டுங்கள். கட்டைவிரலை வாருக்குள் நுழைத்துக்கொண்டே நடந்தால் தோளில் வார் அறுக்கிறது என்று பொருள். கை மரத்துப்போனாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ உடனே பையை இறக்குங்கள், அன்றைக்கு அவ்வளவுதான்.

இன்னொன்று: இருவர் சுமையும் கடைசியில் உங்கள் முதுகுக்குத்தான் வரும். அதற்கு இடம் விட்டு, 5 கிலோவோடு கிளம்புங்கள்.