ஹோஸ்டிங் மாற்றிய பிறகு பாட்காஸ்ட் எபிசோடுகள் இரண்டிரண்டாக வருகின்றன

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜவுளிக்கடை ஒன்றின் தமிழ்ப் பாட்காஸ்ட். 46 எபிசோட், தலா 12 நிமிடம், 96 கேபிபிஎஸ் மோனோ எம்பி3. மூன்று வாரத்துக்கு முன் ஹோஸ்டிங்கை, அதாவது எபிசோடுகளை வைத்திருக்கும் சேவையை, மாற்றினோம். அன்றிலிருந்து பழைய சந்தாதாரர்களின் போனில் ஒவ்வொரு எபிசோடும் இரட்டையாக நிற்கிறது. 'பட்டுப்புடவை மடிக்கும் முறை' என்ற 31ஆவது, ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே படம், ஒரே தேதி. ஆட்டோ டவுன்லோட் போட்டவர்களுக்குப் பழையது முழுக்க மறுபடி இறங்கியிருக்கிறது, கிட்டத்தட்ட 400 எம்பி. டேட்டா தீர்ந்தால் வாடிக்கையாளர் கடையைத்தான் திட்டுவார்.

காரணம் தெரிகிறது. பழைய, புது ஃபீட் (ஆப் படிக்கும் எபிசோட் பட்டியல்) இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்: பழையதில் ஜியூஐடி (ஒவ்வொரு எபிசோடுக்கும் உள்ள தனி அடையாளம்) வெறும் எண், புதியதில் நீளமான எழுத்தும் எண்ணும். இம்போர்ட்டில் மாறிவிட்டது. ஜியூஐடி வேறென்றால், தலைப்பு ஒன்றானாலும் ஆப்புக்கு அது புது எபிசோட்.

செய்து பார்த்தவை: பழைய முகவரியில் 301 ரீடைரக்ட் (புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) இருக்கிறது, வேலை செய்கிறது. புது ஃபீடில், ஃபீட் முகவரி மாறியதை ஆப்புக்குச் சொல்லும் நியூ ஃபீட் யூஆர்எல் டேக் சேர்த்தாயிற்று. சந்தாவை நீக்கி மறுபடி சேர்த்தால் ஒரு போனில் சரியாகிறது, ஆனால் கவுன்டரில் நின்று ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்ல முடியுமா? ஹோஸ்டிங் சப்போர்ட் இரண்டு முறையும் "24 மணி நேரம் காத்திருங்கள்" என்றார்கள்.

பழைய ஃபீடின் எக்ஸ்எம்எல் கோப்பு கையில் இருக்கிறது. புது ஹோஸ்டில் ஜியூஐடியை எபிசோட் வாரியாகத் திருத்தலாம். ஹோஸ்டிங் மாற்றியபின் 47, 48ஆவது எபிசோடுகள் வெளியாகிவிட்டன, அவற்றைத் தொடப்போவதில்லை. தீபாவளி விளம்பர எபிசோடுகள் அடுத்த மாதம் தொடங்குகின்றன.

இப்போது முதல் 46 எபிசோடுக்கும் பழைய ஜியூஐடியைத் திரும்பப் போட்டால் இரட்டை மறையுமா, அல்லது மூன்றாவது நகல் வருமா?