முதலில் நல்ல விதிகளா, தொழில்முனைவோரா?

பொருளியல் மாணவி:
கோர்ட், பதிவுத்துறை, வங்கி எல்லாம் ஒழுங்கானால்தான் வளரும் நாடுகளில் தொழில் பெருகும் என்கிறார் எங்கள் பேராசிரியர். 1980களில் பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் ஒரு சின்ன தையற்கூடத்தைச் சட்டப்படி பதிய 289 நாள் ஆனதாம். அப்படியானால் அமைப்புகள் திருந்தும்வரை தொழில்முனைவோர் காத்திருக்க வேண்டியதுதானா?

எல்சி மேசை:
காத்திருக்க வேண்டாம்மா. வங்கதேசத்தைப் பாருங்க. 1970களின் கடைசியில் அங்குள்ள தேஷ் கார்மென்ட்ஸ் என்ற ஆடை நிறுவனம் தென் கொரியாவின் தேவூ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. கொரிய ஆடைகளுக்கு மேலை நாடுகளில் கோட்டா, அதாவது இறக்குமதிக்கு உச்சவரம்பு, இருந்ததால் தேவூவுக்கும் வேறு நாடு தேவைப்பட்டது. சுமார் 130 பேர் கொரியா போய்த் தொழில் கற்றார்கள். கதை சொல்பவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். வங்கியில் எல்சி (சரக்குக்குப் பணம் தருவதாக வங்கி கொடுக்கும் உறுதிக் கடிதம்) பிரிவில் இருந்த எனக்கு, அதற்குப் பின்னால் நடந்த காகித வேலைதான் ருசி.

துணி இறக்குமதி செய்யணும், கையில் காசில்லை. வெளிநாட்டு வாங்குநர் அனுப்பிய ஏற்றுமதி எல்சியை ஆதாரமாக வைத்து, துணிக்கு இன்னொரு எல்சியை வங்கி திறக்கும். இதுதான் பேக் டு பேக் எல்சி. சட்டை கப்பலேறி டாலர் வந்ததும் துணிக்காரருக்குப் பணம் போகும். வந்திறங்கிய துணிக்குச் சுங்கவரியும் இல்லை. பாண்டட் கிடங்கில், அதாவது சுங்கத்துறை கண்காணிப்பில் உள்ள கிடங்கில் வைத்து, தைத்து, ஏற்றுமதி செய்துவிட்டால் போதும். பெரிய முதல் இல்லாதவரும் ஆலை தொடங்கினார். பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலானோர் பின்னாளில் தேஷை விட்டு வெளியேறி, கற்றதை மற்ற ஆலைகளுக்குக் கொண்டுபோனார்கள்.

கோர்ட் திருந்தவில்லை. அரசியலோ, 1981ல் ஜனாதிபதியையே சுட்டுக் கொன்றார்கள். இந்த எல்சி, பாண்டட் கிடங்கு என்ற இரண்டு விதி மட்டும் ஒழுங்காக ஓடியது. தேஷ் நிறுவனர் முன்னாள் அரசு அதிகாரி. எந்த மேசையில் போய்க் கேட்கணும்னு தெரிந்தவர்.

தறிக்காரன்:
வரி விலக்கு கேட்கத் தெரிந்ததுங்க சார். 2013ல் வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்களே, கட்டட ஆய்வை எந்த முதலாளி கேட்டார்?

எல்சி மேசை:
யாரும் கேட்கலை. லாபத்தைத் தடுக்கிற விதியைத்தான் முதலாளி மாற்றச் சொல்வார். தொழிலாளி உயிர் அந்தப் பட்டியலில் வராது. இடிந்த பிறகு தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு பிராண்டுகளும் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் பலித்ததற்குக் காரணம், அது கையெழுத்திட்டவர்களைச் சட்டப்படி கட்டுப்படுத்தியது.

பொருளியல் மாணவி:
வேறு துறையில் இப்படி உண்டா சார்?

எல்சி மேசை:
கென்யாவின் எம்-பெசா, கைபேசி வழியே பணம் அனுப்பும் சேவை. 2007ல் மத்திய வங்கி தடுக்காமல் விட்டது, பணப்பரிமாற்றச் சட்டம் 2011ல்தான் வந்தது. அங்கே தொழில் முந்தியது, விதி பிந்தியது. உங்கள் பேராசிரியரிடம் இதைக் கேளுங்க, என்ன சொல்கிறார் பார்ப்போம்.