சாய்கோடு எந்தப் பக்கம்? கஸ்டம் கமாண்ட் அனுபவங்கள்

லினக்ஸ்வாசி:
பில்டு கோப்புகளை எழுதித்தர சிமேக், அவற்றை ஓட்ட நிஞ்சா. லினக்ஸில் சமர்த்தாக ஓடிய புராஜெக்ட். விண்டோஸில் ஹெடர் கோப்பை நகலெடுக்கும் கஸ்டம் கமாண்ட் (பில்டின்போது ஓடும்படி நாமே எழுதும் கட்டளை) மட்டும் விழுந்தது. விண்டோஸ் கிளையில் யாரோ 'காப்பி' என்று எழுதி வைத்திருந்தார்கள். 'கட்டளையின் தொடரமைப்பு தவறு' என்று ஒரே ஒரு வரி. எந்தக் கட்டளை, எந்த இடம், ஒன்றும் கிடையாது. சிமேக் முன்சாய்கோட்டோடு (/) பாதையை நீட்டுகிறது, விண்டோஸின் கட்டளை ஷெல்லான சிஎம்டி அதை சுவிட்ச், அதாவது கட்டளைக்கான ஆப்ஷன், என்று படிக்கிறது. அந்த மொட்டை வரி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ராத்திரிபில்டு:
எங்களுக்கு நேர் எதிர். எல்லாப் பாதையையும் நேட்டிவாக, அதாவது விண்டோஸின் பின்சாய்கோட்டுக்கு (\), மாற்றித்தான் கோடு எழுதித்தரும் ஜெனரேட்டருக்கு அனுப்பினார்கள். அது பாதையை அப்படியே ஒரு சி++ சரத்துக்குள் எழுதிவிட்டது. பில்டு பச்சை, எச்சரிக்கைகூட இல்லை. ஓடவிட்டால் 'கோப்பு இல்லை'. லாகைப் பார்த்தால் 'டெம்ப்' கோப்புறையின் முதல் எழுத்தைக் காணோம், அங்கே அகலமாக ஒரு வெற்றிடம். சி++ சரத்தில் பின்சாய்கோடும் 'டி'யும் சேர்ந்து டேப் ஆகியிருக்கிறது! நேட்டிவ்தான் பாதுகாப்பு என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மேக்ஃபைல்மாமா:
என் கதை சின்னது. விண்டோஸில் யூனிக்ஸ் பாணியில் வேலை செய்ய உதவும் எம்சிஸ் ஷெல்லில் ஒரு டூலுக்குச் சாய்கோடு-சி (/c) என்று ஆப்ஷன் கொடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது அது சி டிரைவாக மாறியிருந்தது.

லினக்ஸ்வாசி, உங்களுக்குக் காப்பியே எதற்கு? சிமேக்கின் 'மைனஸ் இ' (cmake -E) முறையில், கோப்பு மாறியிருந்தால் மட்டும் நகலெடுக்கும் 'காப்பி இஃப் டிஃபரண்ட்' இருக்கிறது, எல்லாத் தளத்திலும் ஒன்றுதான். வெளி டூல் பின்சாய்கோடு கேட்டே தீரும் என்றால் பாதையை ஷெல்லுக்கேற்ப மாற்றித்தரும் ஷெல் பாத் ஜெனரேட்டர் எக்ஸ்பிரஷன், சிமேக் 3.4 முதல் உண்டு. ஆனால் எம்சிஸ் ஷெல்லில் அது டிரைவ் எழுத்தையும் யூனிக்ஸ் பாணிக்கு மாற்றிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரிபில்டு, சரத்துக்குள் போகும் பாதைக்கு முன்சாய்கோடே போதும், விண்டோஸ் ஏபிஐ பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அப்புறம் எல்லோரும் கஸ்டம் கமாண்டில் வெர்பாட்டிம் ஆப்ஷனைப் போடுங்கள், பாதித் தலைவலி போய்விடும்.

டெப்ஃபைல்தாசன்:
மாமா, வெர்பாட்டிம் மேற்கோளையும் இடைவெளியையும்தான் காக்கும். சாய்கோட்டைத் தொடாது. இங்கே சொன்ன மூன்று கதையில் ஒன்றுக்கும் அது மருந்தில்லை.

என்னுடையது வேறு ரகம், பிழையே வராது. ஒரு கோப்பையும் தொடாமல் பில்டு கொடுத்தாலும் ஜெனரேட்டர் மறுபடி ஓடும். ஏன் மறுபடி ஓடுகிறது என்று சொல்லவைக்கும் 'மைனஸ் டி எக்ஸ்பிளெயின்' போட்டு நிஞ்சாவை ஓட்டியதும் பிடிபட்டது: டெப்ஃபைலில் (எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்ற பட்டியல்) முழுப் பாதை, நிஞ்சாவிடம் பில்டு கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்புப் பாதை. இரண்டும் ஒரே கோப்புதான் என்று அதற்கு எப்படித் தெரியும்? சிமேக் 3.20-இல் வந்த சிஎம்பி0116 பாலிசியை (பழைய நடத்தையா புதியதா என்று தேர்ந்தெடுக்கும் அமைப்பு) 'நியூ' ஆக்கியதும் அடங்கியது.